கதவாக இருந்த கிட்டார்

என் கிட்டாரைத் திருப்பிப் பார்த்தால், முதுகில் இடப்பக்க ஓரமாக நாலணா அளவுக்கு ஒரு வட்டம் தெரியும். சுற்றியுள்ள மரத்தைவிட ஒரு சாயல் கறுப்பு. நாதாங்கி இருந்த துளை அது. அப்பா பலாக்குச்சி ஒன்றை உருட்டி இழைத்து, வஜ்ரம் தடவி, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி அடைத்த இடம். கிட்டார் ஆவதற்கு முன்னால் அந்தப் பலகை இரண்டு தலைமுறைக் காலம் கதவாக இருந்தது. கோம்பையில் பங்கு பிரித்தபோது இடித்த ஒரு பழைய வீட்டின் கொல்லைக் கதவு.

1984-ல் நானும் அப்பாவும் சேர்ந்து அதைக் கிட்டார் ஆக்கினோம். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா மரவேலைக்காரர். கதவு, நிலை, கட்டில், மாட்டு வண்டி என்று எல்லாம் செய்தவர், அதுவரை ஒரு கிட்டாரைக் கையில் தொட்டதில்லை. எட்டு மாதம் ஆயிற்று. இந்த நாற்பது வருஷத்தில் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கிட்டார் செய்கிற ஆளே இல்லாத ஊரில் எப்படிச் செய்தீர்கள்? கிட்டார் செய்கிறவர் எங்கள் பக்கம் இருந்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைச் செய்வதற்குத் தேவையான கை ஒவ்வொன்றும் கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவே இருந்தது. அந்தக் கைகளின் கதையை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

மலைச்சாலையில் வந்த இசை

எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தால் அரை மணி நேரத்தில் பண்ணைப்புரம். அந்த ஊரின் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடியவர். 1958-ல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தபோது, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் பாடிய பாட்டுகளை எங்கள் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நாங்கள் வளர்ந்தோம். அவருடைய தம்பிகள் பாஸ்கர், ராஜா, அமர் மூவரும் அந்தக் குழுவில் வளர்ந்தவர்கள். 1960-களின் கடைசியில் அவர்கள் சென்னைக்குப் போனார்கள். அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த ராஜா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1976-ல் அவருடைய இசையில் ‘அன்னக்கிளி’ வந்தது. அதன் பிறகு எங்கள் பள்ளத்தாக்கில் கிட்டார் என்பது வெளிநாட்டுச் சாமான் இல்லை என்று ஆகிவிட்டது. பக்கத்து ஊர்ப் பிள்ளை கற்றுத் தேறிய வாத்தியம் அது.

அந்தக் காலத்தில் தேனி தனி மாவட்டம் ஆகவில்லை. 1996 வரை மதுரை மாவட்டம்தான். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, ஆடியில் குச்சனூர், அதற்கு நடுவே ஊருக்கு ஊர் பொங்கல் சாட்டு என்று மெல்லிசைக் கச்சேரிகள் நடக்கும். குழுவில் ஒருவர் கையில் எலக்ட்ரிக் கிட்டார் இருந்தால் அந்தக் குழுவின் கூலியே வேறு. கிட்டார்கள் பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து வரும். கிவ்சன், ஹோப்னர் என்று பெயர் போட்டிருக்கும். அமெரிக்கக் கிட்டார் என்றால் இறக்குமதிக் கெடுபிடியில் விலை கேட்கவே முடியாது. 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தபோது, உத்தமபாளையம் டூரிங் கொட்டகையில் அந்தக் கிட்டார் ஒலியைக் கேட்பதற்கென்றே நான் ஐந்து முறை போனேன். கல்கத்தா கிட்டார் வாங்கவும் எங்கள் வீட்டில் பணம் இல்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. “யாருகிட்டயாவது ஒண்ணு இருந்தா கொண்டா, பாப்போம்” என்றார்.

ரேடியோ ரிப்பேர்க்காரர்களின் வாத்தியம்

அப்பா அப்படிச் சொன்னது சரியான தொடக்கம் என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது. எலக்ட்ரிக் கிட்டாரே, கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்து பார்த்தவர்களிடம் பிறந்த வாத்தியம்தான். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்ற கிட்டார்க்காரர், காந்தமும் கம்பிச்சுருளும் வைத்து எஃகுக் கம்பியின் அதிர்வை மின்சாரம் ஆக்கினார். முதல் மாதிரி மரத்தில் குடைந்தது. 1932-ல் அது அலுமினியத்தில் விற்பனைக்கு வந்தபோது அதன் உருவத்தைப் பார்த்துச் சனங்கள் ‘வறுக்கிற சட்டி’ என்றார்கள். லெஸ் பால் என்ற கலைஞர் 1940-ஐ ஒட்டி, நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலப் பைன் மரச் சட்டத்தில் கம்பி பூட்டி வாசித்தார். அதற்குப் பெயரே ‘கட்டை’. 1950-ல் தட்டையான ஒரே பலகையில் கிட்டார் செய்து விற்கத் தொடங்கிய லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது.

இங்கிலாந்தில் 1963-ல் பிரையன் மே என்ற பதினாறு வயதுப் பையனும் அவன் அப்பா ஹெரால்டும் வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். கழுத்துக்கு, யாரோ வேண்டாமென்று கழித்த பழைய கணப்படுப்பின் மகோகனி மரம். அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடலுக்கு ஒரு பழைய மேசையின் ஓக் மரம். அதிர்வுக் கைப்பிடிக்கு 1928-ஆம் வருஷத்துப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அந்தக் கைப்பிடியின் நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி. கட்டங்களில் புள்ளி வைக்க அம்மாவின் முத்துச்சிப்பிப் பொத்தான். அந்தப் பையன் பின்னாளில் குயீன் குழுவின் கிட்டார்க்காரர் ஆனார். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று அவர் வாசித்தது அந்த வீட்டுக் கிட்டாரைத்தான். இதைப் படித்த அன்று நான் என் கிட்டாரை எடுத்து அந்த நாதாங்கி வட்டத்தைத் தடவிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு உலகத்தில் ஒரு சொந்தக்கார வீடு இருக்கிறது என்று தோன்றியது.

மரம்

கச்சேரிக்காரர் ஒருவரிடம் கல்கத்தா கிட்டாரை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிவந்தேன். அப்பா அதை மடியில் போட்டு விரலால் தட்டினார். காது வைத்துக் கேட்டார். கழுத்தை ஒரு கண்ணால் நீளப் பார்த்தார். பிறகு, “இதுக்குப் பலா போதும்டா. வீணையே பலாவுலதான செய்றாங்க” என்றார்.

தஞ்சாவூர் வீணை பலாவில் குடைவது, தவிலும் பலா. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைபவர்கள் ஆச்சா மரத்துக்குப் பழைய வீடு இடிக்கிற இடத்தைத் தேடிப் போவார்கள். ஈரம் முழுக்கப் போய், இனி சுருங்கவும் வளையவும் மிச்சம் எதுவும் இல்லாத மரம்தான் சுருதி காக்கும். அந்தத் தொழிலைப் பார்க்காமலே அப்பா அதே முடிவுக்கு வந்திருந்தார். வெட்டி வந்த புதுப் பலா அறுப்புக்கடையில் கிடைத்தும் அவர் அதை எடுக்கவில்லை. கொல்லைக் கதவை இழைப்புளியால் இழுத்ததும், மேலே படிந்திருந்த எண்ணெயும் புகையும் சுருளாகப் போய், உள்ளே மஞ்சள் வந்தது. மஞ்சள் அரைத்த அம்மி மாதிரி பளிச்சென்ற மஞ்சள். பலாவின் சொந்த நிறம் அதுதான். வெளிச்சம் படப்படத்தான் அது சிவந்து கறுக்கும்.

கழுத்துக்குத் தேக்கு. ஆறு கம்பியையும் சுருதிக்கு முறுக்கி வைத்தால் நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல் இழுவை. கிட்டத்தட்ட ஒரு மூட்டைப் பாரம் இரவும் பகலும் கழுத்தை முன்னால் வளைக்கும். அதை எதிர்க்கக் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓட வேண்டும். கிப்சன் நிறுவனம் 1923-ல் காப்புரிமை பெற்ற உத்தி அது. எங்கள் கம்பி சின்னமனூர் லேத் பட்டறையில் மரை வெட்டியது. விரல் பலகைக்கு, உடைந்து கிடந்த தோதகத்திக் கட்டிலின் சட்டம். ஈட்டி என்றும் சொல்கிற அந்த மரத்தை உலகமே கிட்டாருக்குத் தேடுகிறது. பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானபோது, 1969-ல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைகிற மரம், கப்பலேறிப் போய்க் கிட்டாராகிக் கொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டில் அது கட்டிலாகக் கிடந்தது. பிற்பாடு தமிழ்நாட்டில் ஈட்டியைக் காக்க 1994-ல் தனிச் சட்டமே வந்தது. பழைய கட்டில் சட்டத்தை எடுத்தது எங்களுக்குச் சிக்கனம். இப்போது யோசித்தால் காட்டுக்கும் நல்லதாகவே இருந்திருக்கிறது.

கட்டங்கள்

வீணையின் மெட்டுகள் மெழுகில் நிற்பவை. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்தி, காதால் கேட்டு நிறுத்தலாம். கிட்டாரில் அந்தச் சலுகை கிடையாது. பலகையில் ரம்பத்தால் கோடு அறுத்து, அதில் உலோகக் கம்பியை அடித்து இறக்க வேண்டும். அறுத்தது அறுத்ததுதான்.

நான் செய்த பெரிய தப்பு அங்கேதான். இரவல் கிட்டாரின் கட்டங்களைக் கவராயத்தால் ஒவ்வொன்றாக அளந்து, ஒன்றின் முடிவிலிருந்து அடுத்ததை வைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு கட்டத்திலும் மயிரிழைப் பிசகு. பன்னிரண்டாவது கட்டத்துக்கு வரும்போது அது மூன்று மில்லிமீட்டர் ஆகிவிட்டது. அந்தக் கட்டம் கம்பியின் சரிபாதியில் விழ வேண்டும். அங்கேதான் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். அறுத்து முடித்த பிறகு அளந்து பார்த்து, ஒரு நல்ல தோதகத்திப் பலகை வீணானதைக் கண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பா திட்டவில்லை. “சன்னல் கம்பி போடும்போது உனக்கு என்ன சொன்னேன்? எல்லா அளவையும் ஒரே முனையில இருந்து எடுக்கணும்” என்றார்.

அந்த ஒரே முனையிலிருந்து எந்தக் கட்டம் எவ்வளவு தூரம் என்பதைக் கணக்கு வாத்தியார் ஒருவர் விளக்கினார். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம ஏற்றமாகப் பிரித்தால், ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதைப்போல 1.0595 மடங்கு. ஆகவே கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் கட்டம். மிச்ச நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் அடுத்தது. எங்கள் கம்பி நீளம் 647.7 மில்லிமீட்டர், முதல் கட்டம் 36.35-ல் விழும். விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலி, வீணை மாதிரியான லூட் என்ற கம்பி வாத்தியம் வாசித்தவர். அவர் 1581-ல் 18-ஆல் வகுக்கும் எளிய வழியை எழுதி வைத்தார். ஐரோப்பியக் கைவினைஞர்கள் நெடுங்காலம் அதைப் பின்பற்றினார்கள். அந்த வழியில் போனால் எங்கள் நீளத்துக்குப் பன்னிரண்டாவது கட்டம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பின்தங்கிவிடும். கூட்டல் எல்லாவற்றையும் தாளில் போட்டு, தலைப்பக்க முனையிலிருந்தே ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து, கூர்முள்ளால் கோடு கீறினோம். கட்டிலின் இன்னொரு பக்கச் சட்டம் எங்களைக் காப்பாற்றியது. கட்டத்துக் கம்பியும் தலையில் பூட்டும் கீ செட்டும் மட்டும் மதுரையில் வாங்கினோம்.

எட்டாயிரம் சுற்று

கிட்டாருக்குக் காது மாதிரி இருப்பது பிக்கப். எஃகுக் கம்பி காந்தத்துக்கு மேலே அதிரும்போது காந்தப்புலம் அசையும். அசைகிற காந்தப்புலம் பக்கத்திலிருக்கும் செம்புச் சுருளில் மின்சாரம் எழுப்பும். சைக்கிள் டைனமோவுக்கும் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கும் உள்ள அதே நியாயம். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து எங்கள் பக்கம் திரும்பியது 1895-ல். 1950-களின் கடைசியில் லோயர் கேம்பில் அதே தண்ணீரிலிருந்து மின்சாரமும் எடுத்தார்கள். கிணறுகளில் மோட்டார் இறங்கியதும் ஊருக்கு ஊர் வைண்டிங் கடை வந்துவிட்டது. அதனால் சுருள் சுற்றத் தெரிந்த கை எங்களுக்குத் தெருமுனையிலேயே இருந்தது.

வைண்டிங் கடை அண்ணனிடம் இருந்த கம்பிகளில் மிக மெலிந்ததும் கிட்டாருக்குத் தடிமன். பிக்கப்புக்கு வேண்டியது மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு சுருள் வரவழைத்தோம். அண்ணன் அதை விரலில் எடுத்துப் பார்த்து, “தம்பி, இது கம்பி இல்ல, தலைமுடி. மோட்டாருக்குச் சுத்துற கைய வீட்டுல வச்சிட்டு வரணும்” என்றார். கை டிரில்லை வைஸில் இறுக்கி, அதன் மூக்கில் சுருள் சுற்றும் சட்டத்தைப் பூட்டினோம். கைப்பிடி ஒரு சுற்றுக்கு மூக்கு நான்கு சுற்று. அவர் சுற்ற, நான் கைப்பிடியின் இருபத்தைந்து சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போட்டேன். எண்பது கொட்டை சேர்ந்தால் எட்டாயிரம் சுற்று. இரண்டு முறை அறுந்து, மூன்றாம் முறை முடிந்தது. காந்தத்துக்கு, அலமாரிக் கதவைப் பிடித்து நிறுத்துகிற கறுப்புக் காந்தத்தை உடைத்து எடுத்தோம். ஆறு கம்பிக்கும் நேர் கீழே ஆறு இரும்புத் திருகாணி.

முதலில் பூட்டிப் பார்த்தபோது பாட்டைவிடக் கீச்சொலிதான் பெரிதாக வந்தது. சுருளுக்குள் கம்பி இழைகளே நடுங்கினால் அப்படித்தான் அலறும். தீர்வு மெழுகு. தேன்மெழுகைச் சுடுதண்ணீருக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, பிக்கப்பை அதில் அமிழ்த்தி வைத்தோம். சின்னச் சின்னக் குமிழி கிளம்பி ஓய்ந்ததும் எடுத்து ஆற வைத்தோம். அலறல் நின்றது. வீணையில் மெட்டை நிறுத்துகிற மெழுகு இங்கே செம்புக் கம்பியை நிறுத்தியது.

பாலிஷும் பெயிண்டும்

மேல்பூச்சில்தான் எனக்கும் அப்பாவுக்கும் கருத்து வேறுபாடு. அவருக்குப் பலா நிறம் தெரிய வேண்டும். எனக்குச் சிவப்பு வேண்டும். கடைசியில் முதுகு அவருக்கு, முகம் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

முதுகுக்கு அரக்கு. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டினார். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துப் பொட்டலம் கட்டி, அதைத் தோய்த்து, எட்டுப் போடுகிற மாதிரி மரத்தின் மேல் ஓட்டினார். ஓரிடத்தில் ஒரு நொடி நின்றாலும் துணி ஒட்டி வடு விழும். அதனால் கை மரத்தைத் தொடும்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், விடும்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு கை. மறுநாள் தேய்ந்த உப்புத்தாளால் லேசாகத் தடவி மறுபடி இரண்டு கை. இருபது நாள். அரக்குப் பூச்சியின் பிசினான இதே பொருளில்தான் பழைய கிராமபோன் தட்டுகளையும் வார்த்தார்கள். பாட்டைத் தாங்கிய அரக்கு பாட்டெழுப்பும் மரத்துக்கும் மெருகானது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

முகத்துக்கு டூக்கோ. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் இல்லாமல் எங்கள் பக்கம் பிழைப்பு இல்லை. அதனால் ஜீப்புக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறைகளும் நிறைய. அமெரிக்காவில் ஃபெண்டர் கிட்டார்களுக்கும் கார் பெயிண்ட்தான் அடித்தார்கள். டூக்கோ என்பதே 1920-களில் டுபான்ட் நிறுவனம் கார்களுக்காகக் கொண்டுவந்த பெயர். அதன் மூலப்பொருள் நைட்ரோ செல்லுலோஸ். பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையை அமிலத்தில் பதப்படுத்தி எடுப்பது. பருத்திச் சந்தையும் ஜின்னிங் ஆலையுமாக வளர்ந்த ஊர் தேனி. பருத்தி இப்படி ஒரு வேஷமும் போடும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஆடி மாதச் சாரலில் அடித்தோம். அரை மணி நேரத்தில் சிவப்பு முழுக்கப் பால் தெளித்தாற்போல வெளுத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் வருகிற வெளுப்பு. பெயிண்டர் அண்ணன் என்னைவிட வருத்தப்பட்டார். வாட்டர் பேப்பரால் முழுவதையும் தேய்த்து எடுத்து, புரட்டாசியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, மெல்லிய கையாக ஆறு கை அடித்தார். பதினைந்து நாள் காய்ந்தபின் ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் துடைத்தபோது அதில் பட்டறைக் கூரை தெரிந்தது.

குழாயில் ஒலித்தது

அடுத்த சித்திரையில் பக்கத்து ஊர்த் திருவிழாவில் அதை முதல்முறை மேடையில் வாசித்தேன். கிட்டாருக்கென்று ஆம்ப்ளிஃபயர் இல்லை. மைக் செட்காரர் தன் அகுஜா ஆம்ப்ளிஃபயரில் கிராமபோன் தட்டுக்கு இருந்த துளையில் ஒயரைச் செருகினார். ஒலி, வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் வந்தது. கீழ்ச்சுரம் மெலிந்து, மேல்சுரம் ஊசியாகக் குத்தும் ஒலி. ஆனாலும் அந்தக் குழாய் இரண்டு மைல் கேட்கும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கேட்டதாக அப்பா சொன்னார். ஐந்தாவது பாட்டில் இரண்டாவது கம்பி சுருதி இறங்கியதையும் சொன்னார். சரிதான், இறங்கியிருந்தது.

இன்றைக்கு மூன்றாயிரம் நான்காயிரம் ரூபாய்க்கே வாசிக்கத் தகுந்த கிட்டார் வீட்டு வாசலுக்கு வருகிறது. பிள்ளைகள் கையில் வாத்தியம் சுலபமாகச் சேர்வதில் எனக்கு மனசார மகிழ்ச்சி. வருத்தம் வேறொன்றில்தான். கதவுகள் இப்போது ஆலையிலிருந்து பூச்சோடு வருகின்றன. அரக்குப் பொட்டலம் ஓட்டத் தெரிந்த கை எங்கள் ஊரில் இன்று ஒன்றுகூட இல்லை. வீணைக்கும் நாதஸ்வரத்துக்கும் புவிசார் குறியீடு வந்தது நல்லது. அந்தத் தொழில்களின் பெயராவது நிற்கும். ஆனால் மரத்தைத் தட்டிப் பார்த்து வயசு சொல்கிறவரும், புளியங்கொட்டை எண்ணிச் சுருள் சுற்றியவரும், சாரலுக்கும் வெயிலுக்கும் பெயிண்ட் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்தவரும் எந்த வாத்தியத்தின் பெயராலும் குறிக்கப்படாதவர்கள். பழைய வாத்தியங்களைச் செய்தவர்களை மட்டும் கைவினைஞர் என்று எழுதி, இவர்களை விட்டுவிட்டால் நம் இசையின் கதை பாதிதான்.

அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. போன வருஷம் கம்பி தாங்குகிற இரும்புத் தகடு துருப்பிடித்து, மாற்றுவதற்காகத் திருகாணிகளைக் கழற்றினேன். தகடு உட்காரும் இடத்தில் பெயிண்ட் படாமல் அன்றைக்குக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தோம். முதுகுப் பலா இந்த நாற்பது வருஷத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. வெளிச்சமே படாத அந்தத் தகட்டின் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு, அப்பா இழைத்த அன்று வந்த அதே மஞ்சள் அப்படியே இருந்தது. நடுவில் அவர் பென்சிலால் இழுத்த மையக்கோடு. புதுத் தகட்டை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்துப் பூட்டினேன்.